இருமும் பெட்டி

எங்கள் முகப்பேர் வீட்டில் சத்தம் குறைந்த அறை ஒன்றுதான். முன்னறை சாலையைப் பார்த்தது. பேருந்து நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் டம்ளர்கள் ஒன்றையொன்று குசலம் விசாரிக்கும். சமையலறையில் எங்கள் குக்கர், பக்கத்து வீட்டு மிக்ஸி, மேல்வீட்டுக் குழாய். மிச்சம் இருப்பது பின்பக்கத்துப் படுக்கையறை. அதன் சன்னலைத் திறந்தால் அடுத்த குடியிருப்பின் சுவர் தெரியும், வேறொன்றும் தெரியாது. கண்ணுக்கு ஒன்றும் கிடையாது. காதுக்கு நல்ல அறை.

அந்த அறைக்கு மாலை நேரத்தில் இரண்டு பேர் உரிமை கொண்டாடினோம். சன்னலோர மூலை என்னுடையது. கட்டிலும் அதையொட்டிய நாற்காலியும் மனைவியுடையவை.

என் மூலையில் இருப்பது ஒரு சாம்ப்ளர். பார்க்க அந்தக் காலத்து வீடியோ டெக் போல இருக்கும் இரும்புப் பெட்டி. தூக்கினால்தான் அது கேஸ் சிலிண்டருக்குத் தம்பி என்று தெரியும். எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் உள்வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்துகிறோமோ அந்தச் சுருதியில் அதைத் திருப்பிச் சொல்லும். கதவு கிறீச்சிடுவதைக் கொடுத்தால் கதவே சரிகமபதநி பாடும். வாலிபத்தில் நான் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். குழு கலைந்தபோது மைக்குகளை ஒருவர் எடுத்துக்கொண்டார், ஸ்பீக்கர்களை ஒருவர். பெட்டி யாருக்கும் வேண்டாம் என்றார்கள், கனம் காரணமாக. அப்படி எனக்கு வந்தது.

இப்போது நான் மண்ணூர்பேட்டைப் பக்கம், தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளன். பகல் முழுவதும் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கோடு சண்டை. மாலையில் அந்தத் தொழிற்சாலையின் சத்தங்களையே பெட்டியில் போட்டு மெட்டு கட்டுவேன். பிரஸ்ஸின் 'தொம்', லேத்தின் இழுவை, கம்ப்ரசர் காற்றுவிடும் 'புஸ்'. ஆண்டுதோறும் ஆயுத பூஜை அன்று பெட்டியைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் இதை வாசிப்பது வழக்கம். ஒவ்வொரு பிரிவினரும் தங்கள் இயந்திரத்தின் குரல் வரும் இடத்துக்காகக் காத்திருந்து கைதட்டுவார்கள்.

மனைவி பள்ளியில் வரலாறு சொல்லித்தந்து விருப்ப ஓய்வு பெற்றவள். ஓய்வு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கும், கண்பார்வை இல்லாத மாணவி ஒருத்திக்கு, வரலாற்றுப் பாடங்களைக் கைப்பேசியில் வாசித்துப் பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தாள். மாதக்கணக்கில் நடந்தது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள்போல அவள் பேச்சு வந்துகொண்டே இருக்கும். அவளுக்கு இது பிடிக்கும், அவளுக்கு இந்த அத்தியாயம் கஷ்டம், அவளுக்குப் பரீட்சை வருகிறது.

நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டுதான் வாசிப்பேன். ஆகவே என் மூலையிலிருந்து ஒரு சத்தமும் வெளியே போகாது என்பது என் வாதம். பெட்டியின் முதுகில் உள்ளே காற்று இழுக்கும் சின்ன விசிறி ஒன்று இருப்பதை நான் இந்த வாதத்தில் சேர்க்கவில்லை. ஹெட்ஃபோன் போட்டிருப்பவனுக்கு அது கேட்காது.

மனைவிக்குக் கேட்டது. முதலில் லேசாக, தொண்டையைக் கனைப்பது போல. பிறகு விடாமல்: டக டக டக டக. சைக்கிள் சக்கரத்தில் அட்டையைச் செருகி ஓட்டுவார்களே, அந்தச் சத்தம்.

"நான் படிக்கற நேரத்துல அந்தப் பொட்டிய அணைச்சு வைங்களேன்."

"அணைச்சா உள்ள இருக்கறதெல்லாம் மறந்துடும். மறுபடி ஒவ்வொரு ஃப்ளாப்பியா போட்டு ஞாபகப்படுத்தணும். அதுக்குள்ள நீ ஒரு பாடமே முடிச்சுடுவே."

"அணைச்சா மறந்துடுமா? சரிதான். உங்களுக்கேத்த பொட்டி."

இந்த அளவில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி இருமும், அவள் அதைவிடச் சத்தமாகப் படிப்பாள், நான் ஹெட்ஃபோனுக்குள் பிரஸ்ஸுக்குச் சுருதி சேர்ப்பேன். ஒரு நாள் மாணவியிடமிருந்து குரல் செய்தி வந்தது. மனைவி அதை என் காதுக்கும் சேர்த்துப் போட்டாள், ஹெட்ஃபோனைத் தன் கையாலேயே கழற்றிவிட்டு.

"மேம், தப்பா நெனைக்காதீங்க. நீங்க படிக்கறது ரொம்பத் தெளிவா இருக்கு. ஆனா நான் எப்பவும் ரெண்டு மடங்கு ஸ்பீடுலதான் கேப்பேன். அந்த ஸ்பீடுல உங்க பின்னாடி ஒரு ஹெலிகாப்டர் வருது மேம். பானிப்பட் போர்ல ஏதுடி ஹெலிகாப்டர்னு ஹாஸ்டல்ல எல்லாம் சிரிக்கறாளுங்க. கொஞ்ச நேரம் கேட்டா தலைவலி வேற வந்துடுது. ஆவடியில ஒரு அக்கா படிச்சுத் தர்றேன்னாங்க மேம். உங்களுக்கும் சிரமம் இருக்காது..."

கடைசி வரியில் எவ்வளவு மரியாதை இருந்ததோ அவ்வளவு வலித்தது மனைவிக்கு. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் பதிலுக்கு என்ன சொன்னாள் என்பதை அன்று இரவு சாப்பாட்டின்போது எனக்குச் சொன்னாள்.

"இன்னும் ஒரே ஒரு பாடம் அனுப்பறேன், அதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுன்னு சொல்லியிருக்கேன். அந்தப் பாடத்துல ஹெலிகாப்டர் வரக் கூடாது. வந்துச்சு, பொட்டி பரண்ல ஏறும். உங்க மிஷின் கச்சேரிய பரண்லேர்ந்தே நடத்துங்க."

"ஆயுத பூஜைக்கு..."

"ஆயுத பூஜைக்குப் பரணுக்கே பொட்டு வெச்சுக்கலாம்."

ஆக, ஒரு பாடம். அதில் அவள் மாணவி நிற்க வேண்டும், என் பெட்டி நிற்க வேண்டும். இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு விசிறியில் தொங்கின.

மறுநாள் காலை தொழிற்சாலையில் ஒருவரிடம் புலம்பினேன், செய்தி எல்லாப் பிரிவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. தேநீர் இடைவேளையில் பிரஸ் ஓட்டுபவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், உள்ளூர் ஆள், டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா சார், பொட்டிக்கு இருமலாமே?"

"விசிறி சத்தம் போடுது."

"எண்ணெ உடு சார். நம்ம ஊட்டு டேபிள் ஃபேனும் இப்டித்தான் கத்திகினு கெடந்துச்சு. ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெ உட்டேன்."

"சரியாப் போச்சா?"

"சத்தம் போச்சு. பின்னாடியே ஃபேனும் போச்சு." ஒரு வாய் தேநீர் குடித்தார். "எவ்ளோ வயசு கீது பொட்டிக்கு?"

"முப்பதைத் தாண்டியிருக்கும்."

"அப்ப அது இருமல் இல்ல சார். கண்ணாலம் பண்ணி வைன்னு கேக்குது. எப்டியோ, பூஜைக்கு நம்ம பிரஸ்ஸு சவுண்டு வந்துடணும், ஆமா. ஊட்ல பசங்கள வேற இட்டாரேன்னு சொல்லிகீறேன்."

ஆக, காத்திருப்பவர்கள் பட்டியலில் அவர் பிள்ளைகளும் சேர்ந்தார்கள்.

எண்ணெய் யோசனையை நான் ஏற்கவில்லை. மாற்றுவது என்றால் முறையாக மாற்ற வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கி ஒரு நாள் முழுக்கப் பெட்டியைச் சும்மா வைத்தேன். இந்த மாதிரிப் பெட்டிகள் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரத்தை வயிற்றில் வைத்திருக்கும். பிறகு மேல்மூடியைக் கழற்றினேன். கழற்றிய திருகுகளை இட்லித் தட்டின் குழிகளில் வைப்பது என் பழக்கம். எந்தக் குழியோ அந்த மூலை. திரும்ப மாட்டும்போது தடுமாற்றம் வராது.

"அது நாளைக்கு அடுப்புல ஏறணும்," என்றாள் மனைவி வாசலில் நின்று. "இட்லிக்குள்ள ஸ்க்ரூ வராம பாத்துக்குங்க."

விசிறியின் உட்புற முகம்தான் மேலிருந்து தெரிந்தது. நடுவில் ஒட்டிய சீட்டில் பன்னிரண்டு வோல்ட் என்று இருந்தது. பக்கத்துக்கு அறுபது மில்லிமீட்டர், தடிமன் இருபத்தைந்து, திருகுத் துளைகளுக்கு இடையே ஐம்பது. தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த வெர்னியரால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்தேன். புது விசிறி கையில் வராமல் பழையதைக் கழற்றுவதில்லை என்று முடிவு செய்து மூடியைத் திரும்ப வைத்தேன். இந்த ஒழுங்கில் ஒரு சிறு குறை இருந்தது. விசிறியின் வெளிப்புற முகத்தை நான் பார்க்கவே இல்லை. அது பெட்டியின் முதுகில், வட்டமான கம்பி வலைக்குப் பின்னால் இருந்தது. அந்த வலையை ஆண்டுதோறும் துணியால் பளபளவென்று துடைப்பவன் நான்தான். துடைக்கும்போது வலையைப் பார்ப்பேன். வலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியதில்லை.

சனிக்கிழமை பூந்தமல்லிக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், திருமண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் பாய் ஒருவர் உதிரிபாகக் கடையும் வைத்திருக்கிறார். மெல்லிசைக் குழுக் காலத்திலிருந்து பழக்கம். எல்லாப் பொருளும் அவரிடம் இருக்கும், கேட்ட பொருளைத் தவிர.

"வாங்க சார். இன்னா, மறுபடி ட்ரூப் கட்டப்போறீங்களா?"

அளவுகளைச் சொன்னேன். அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்துத் துழாவி ஒரு விசிறியை எடுத்து, அடாப்டரில் சொருகினார். ஏழு நிறத்தில் ஒளி சுழன்றது.

"அப்டியே திருவிழா மாதிரி கீது பாருங்க."

"எனக்குச் சத்தம் வராதது வேணும் பாய்."

"லைட்டுக்கு ஏது சார் சத்தம்?"

"லைட்டே வேணாம்."

"லைட்டு வேணாம், சத்தமும் வேணாம். அப்புறம் அது ஓடுதா இல்லையான்னு எப்டி சார் தெரியும்?" என்று கேட்டபடியே லைட் இல்லாத ஒன்றைத் தேடி எடுத்தார். சாதாரணக் கறுப்பு விசிறி. அறுபது, இருபத்தைந்து, பன்னிரண்டு. துளை இடைவெளியையும் அளந்தேன். பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சொருகினார். சுழன்றது. காதருகே கொண்டுபோனேன். திருவள்ளூர்ப் பேருந்து ஒன்று சரியாகக் கடைக்கு எதிரே நின்று ஹாரன் அடித்தது.

"ஒண்ணும் கேக்கல இல்ல?" என்றார் பாய் பெருமையாக.

"பாய், இந்த இடத்துல ஜெனரேட்டர் ஓடினாலும் கேக்காது."

"அப்ப உள்ள வாங்க."

கடைக்குப் பின்னால் குடோன். ஆள் உயர ஸ்பீக்கர்களுக்கு நடுவே இரண்டு பேர் நிற்க இடம் இருந்தது. கதவைச் சாத்தினார். இருட்டில் விசிறியை என் காதருகே பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேக்குதா சார்?"

"நீங்க பேசறது கேக்குது."

"சரி, நான் பேசல." மூன்று நொடி போயிருக்கும். "இப்ப?"

"நீங்க மூச்சு விடறது கேக்குது பாய்."

மூச்சை அடக்கினார். எனக்காகக் கன்னம் உப்ப நின்ற அந்தக் கோலத்தை, கதவிடுக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புக்கு முன் கிடைத்த அந்தச் சிறு இடைவெளியில் விசிறி சுழல்வது காதில் விழவில்லை. கன்னத்தில் காற்று மட்டும் பட்டது. வாங்கிவிட்டேன். கிளம்பும்போது பாய் வாசல் வரை வந்தார்.

"சார், லைட்டு ஃபேனும் ஒண்ணு எடுத்துனு போங்க. அம்மாவுக்குப் புடிக்கும்."

"அம்மாதான் பெட்டிய பரண்ல ஏத்தறேன்னு சொல்லியிருக்காங்க."

"அய்யய்யோ. அப்ப வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியைக் கட்டிலின் மேல் பழைய போர்வை விரித்துக் குப்புறக் கிடத்தினேன். இட்லித் தட்டு தயாராக இருந்தது. மனைவியும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பரண் விஷயத்தில் அவளும் ஒரு கட்சி அல்லவா. பின்பக்கத்து நான்கு திருகுகளையும் எடுத்தேன். கம்பி வலை கையோடு வந்தது. விசிறியைத் திருப்பி அதன் வெளிமுகத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.

அது விசிறியாக இல்லை. அர்ச்சனைத் தட்டாக இருந்தது. நடுவட்டத்தில் மஞ்சளாக ஒரு மேடு, அதன்மேல் கறுத்த சிவப்பு. மேட்டிலிருந்து வழிந்து இறங்கி மூன்று இறக்கைகளில் கெட்டியாகக் காய்ந்த படலம், வண்டல் போல அடுக்கடுக்காக. விளிம்பில் ஒரு வாழைநார்த் துண்டு மாட்டிக்கொண்டு, நுனியை இறக்கைகளின் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் விசிறியை மெல்லச் சுற்றினேன். டக, டக, டக, டக.

"இது என்ன?" என்றேன்.

மனைவி குனிந்து பார்த்தாள். "சந்தனம்."

"இது?"

"குங்குமம்."

"இந்த நார்?"

"மல்லிச் சரத்தோடது." நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "ஆயுத பூஜைக்கு வெச்சது."

"விசிறிக்கா வெச்சே?"

"விசிறின்னு யாருக்குத் தெரியும்? நீங்கதான் சொன்னீங்க. முன்பக்கம் வைக்காதே, டிஸ்ப்ளே போயிடும். ஃப்ளாப்பி ஓட்டைகிட்ட வைக்காதே. மேல வைக்காதே, சந்தனம் உள்ள எறங்கும். பின்னாடி வைன்னு. பின்னாடி பாத்தா பூரா ஒயரும் ஓட்டையும். வட்டமா, லட்சணமா இருந்தது அந்த ஒரு எடம்தான். நெத்தி மாதிரி."

சொன்னேன்தான். அந்தக் குரலும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தொழிற்சாலையில் ஆண்டுதோறும் பூஜைக்கு முன்னால் நான் உபயோகிக்கும் அதே குரல். அளவுக் கருவிகளின் முகத்தில் பொட்டு வைக்கக் கூடாது, பிடியில் மட்டும் வைக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, அடுத்த வேலைநாளில் ஒவ்வொரு கருவியாகத் திருப்பியும் பார்ப்பவன் நான். வீட்டில் திருப்பிப் பார்க்கவில்லை.

கம்பிகளின் இடைவெளி வழியாக அவள் விரல் நேரே விசிறியின் நடுவில் பட்டிருக்கிறது. நீர்க்கக் குழைத்த சந்தனம் ஆண்டுக்கொரு பக்கமாக வழிந்திருக்கிறது. பூ வாடியதும் சரத்தை இழுத்திருக்கிறாள். நார் அறுந்து உள்ளே தங்கியிருக்கிறது. உள்நோக்கி இழுக்கும் காற்று அதை இறக்கைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. பெட்டி இத்தனை நாள் இருமியதற்கு இதுதான் காரணம்.

முதலில் சிரித்தது அவள்தான்.

"பரவால்ல. ஹெலிகாப்டருக்கு எலுமிச்சம்பழம் வைக்காம விட்டேனே."

நாரை எடுத்து, பல்தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டி, பழைய விசிறியை அடாப்டரில் ஓட்டிப் பார்த்தேன். டக டக போய்விட்டது. அவள் உடனே கேட்டாள், "அப்ப புதுசு எதுக்கு?"

நியாயமான கேள்வி. பழைய விசிறியையும் புதிய விசிறியையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, அவளது கைப்பேசியில் பதிவு செய்து, இரண்டையும் இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டோம். சாதாரண வேகத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. வேகத்தைக் கூட்டியபோது பழையதிலிருந்து தூரத்தில் ஒரு வண்டு வருவது தெரிந்தது. தேய்ந்த பேரிங். வேலப்பன்சாவடிக் காது அந்த வண்டைப் பிடித்துவிடும் என்று இருவருமே ஒப்புக்கொண்டோம்.

புதிய விசிறியின் ஒயரில் பழைய பிளக்கை வெட்டி ஒட்டவைத்து, பற்றவைத்த இடத்தில், சூடுபட்டால் சுருங்கும் குழாயை மாட்டிச் சுருக்கினேன். காற்று போகும் திசையை விசிறியின் பக்கவாட்டு அம்புக்குறியில் பார்த்து, பழையது எப்படி இருந்ததோ அப்படியே உள்நோக்கி வைத்தேன். அதிர்வு இரும்புக்குப் போகாமலிருக்க நான்கு மூலையிலும் ரப்பர் வாஷர். இட்லித் தட்டின் குழிகள் வரிசையாகக் காலியாயின. சுவிட்சைப் போட்டேன். டிஸ்ப்ளே பச்சையாக எரிந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

"ஓடுதா?" என்றாள் மனைவி.

பாய் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். அவள் கையைப் பிடித்துப் பெட்டியின் முதுகுக்குக் கொண்டுபோனேன். வலையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்ததும் அது அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

அன்று மாலை அந்த ஒரு பாடத்தைப் படித்தாள். நான் ஹெட்ஃபோனைப் போடாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எப்படிப் படிப்பாள் என்பதை முழுதாகக் கேட்டது அன்றுதான். போர்க்களத்தைக் கத்தாமல் படித்தாள். இத்தனை நாளும் விசிறியோடு போட்டி போட்டுத்தான் கத்தியிருக்கிறாள். பதிவை அனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போனவள், கைப்பேசி சிணுங்கியதும் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"மேம்! ஹெலிகாப்டர் போயிடுச்சு! இப்பக் குதிரைங்க மட்டும்தான் இருக்கு. மத்த பாடமும் நீங்களே அனுப்புங்க மேம். ஆவடி அக்காகிட்ட அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டேன்."

'அப்புறம் பாக்கலாம்' என்ற இடத்தில் மனைவியின் புருவம் சற்று உயர்ந்தது. ஆனாலும் பெட்டி பரணுக்குத் தப்பியது.

ஆயுத பூஜைக்கு அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். வாழைக்கன்றுகளுக்கும் பூசணிக்காய்களுக்கும் நடுவே மேசை போட்டு வாசித்தேன். பிரஸ்ஸின் 'தொம்' வந்ததும் அதை ஓட்டுபவர் பிள்ளைகளின் தோளைத் தட்டிக் காட்டினார்: "கேட்டுக்கினியா? அது நைனாவோட மிஷினு." பிள்ளைகளுக்குக் கம்ப்ரசரின் 'புஸ்'தான் பிடித்திருந்தது. மறுபடி மறுபடி அதையே கேட்டார்கள். நைனா கொஞ்சம் மனம் உடைந்துதான் போனார்.

மாலையில் எங்கள் வீட்டுப் பூஜை. நான் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தேன். பெட்டியின் மேல்மூடியில், ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்து, இடது மூலையில் வட்டமாக வெட்டிய காகிதம் ஒன்றை ஒட்டியிருந்தேன். பொட்டு அங்கே. மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து அந்த வட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கோடு தாண்டாம வைக்கறேன். ஸ்கேலு வேணும்னா எடுத்துனு வந்து அளந்துக்குங்க."

அடுத்து வெர்னியர், ஸ்க்ரூடிரைவர், அரிவாள்மனை, சுத்தம் செய்த பழைய விசிறி. அதுவும் ஓர் ஆயுதம்தானே என்று அவளே எடுத்து வைத்தாள், சீட்டு ஒட்டிய பக்கம் மேலே இருக்கும்படி. கடைசியில் தன் பாடப் புத்தகத்தையும் கைப்பேசியையும் வைத்தாள். இந்த ஆண்டு அவளுடைய ஆயுதம் கைப்பேசிதான். சந்தன விரல் அதன் திரையை நோக்கிப் போனது.

"ஸ்க்ரீன்ல வேணாம்," என்றேன். "கீறல் விழும். கேமரா பக்கமும் வேணாம். கீழ ஓரமா வை."

கீழே ஓரமாக வைத்தாள்.

மறுநாள் விஜயதசமி. எதைத் தொடங்கினாலும் வளரும் நாள் என்று, பூஜையிலிருந்து எடுத்த புத்தகத்தில் புது அத்தியாயம் ஒன்றை ஆரம்பித்தாள். நன்றாகவே படித்தாள், நான் பக்கத்திலேயே இருந்தேன். அனுப்பினாள். பதில் வர நேரமானது. வந்தபோது குரலில் கவலை இருந்தது.

"மேம், உடம்பு சரியில்லையா? பயங்கரமா சளி பிடிச்ச மாதிரி இருக்கு. போர்வைக்குள்ள படுத்துட்டுப் படிக்கறீங்களா? நீங்க ரெஸ்ட் எடுங்க மேம். பரீட்சை கிட்ட வருதில்ல, சரியாகற வரைக்கும் நான் ஆவடி அக்காகிட்டயே..."

மனைவி செய்தியை முழுதாகக்கூடக் கேட்கவில்லை. நேரே பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க புது ஃபேனு!"

"விசிறி சளி பிடிக்க வைக்காது. சத்தம்தான் போடும்."

"அப்ப என் தொண்டையா? தும்மல்கூட வரல எனக்கு!"

பெட்டியை அணைத்தேன். மறுபடி ஒரு வரி படிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். சளி இருந்தது. முன்னறைக்குப் போய்ப் பதிவு செய்தோம். பேருந்துக்கும் சளி பிடித்திருந்தது. அப்படியென்றால் கோளாறு கைப்பேசியில்தான். கைப்பேசியை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில், அளவுக் கருவியைத் திருப்புவது போலத் திருப்பிப் பார்த்தேன். கீழ் விளிம்பில், சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், குரல் உள்ளே போகும் சின்னத் துளைகள். அவற்றின் மேல் கச்சிதமாக, வட்டமாக, காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

அவளே எட்டிப் பார்த்தாள்.

"கீழ ஓரமா வைன்னு யாரு சொன்னது?"

பல்தேய்க்கும் பிரஷ் இன்னும் என் மூலையில்தான் இருந்தது. நுனியால் மெல்ல, உள்ளே தள்ளாமல், வெளியே வருடி எடுத்தேன். ஈரத்துணி, காய்ந்த துணி, மறுபடி பிரஷ். மிச்சத்தை ஊசி முனையால், வெர்னியரைப் பிடிக்கும் கவனத்தோடு. அவள் என் தலைக்கு மேலாகக் குனிந்து நின்று, "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் இருக்கு, கண்ணாடிய ஏத்தி விட்டுக்குங்க," என்று மேற்பார்வை பார்த்தாள்.

பாடத்தை முதலிலிருந்து மறுபடி படித்தாள். கடைசியில் மாணவிக்கு ஒரு வரி சேர்த்தாள்: "சளி இல்லம்மா. போனுக்குப் பூஜை பண்ணிட்டோம். ஆவடி அக்காவுக்குச் சிரமம் குடுக்காதே." பதிலாக வந்தது வெறும் சிரிப்பு, ஹாஸ்டலே சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு. சிரிப்பு ஓய்ந்ததும் அந்தப் பெண் கேட்டாள்: "மேம், மிச்சம் நாலு பாடம் எப்ப வரும்?"

மனைவி கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் மொத பொட்டு எங்க தெரியுமா? உங்க வாய்ல."

பிறகு புத்தகத்தைத் திறந்து அடுத்த பாடத்தை ஆரம்பித்தாள். நான் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். அதற்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. ஃப்ளாப்பிகளை எடுத்து ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்த ஆரம்பித்தேன், வாயைத் திறக்காமல்.